வீட்டுக்குள்ள ஒரு பள்ளிக்கூடமாம்!

சின்னவளைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டியாமே, மருமகளே! சந்தோசம். ஒங்க அத்தைதான் சேதி கேட்டதுல இருந்து மூக்கைச் சிந்திக்கிட்டுக் கிடக்கா. "பிள்ளைக்கு என்ன குறை, ஏன் சேக்கல?"ன்னு கேக்கா. எதுத்த வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேல போயி, "மாப்பிள்ளைக்கு வேலை கீல போயிருச்சோ"ன்னு என்கிட்டயே துப்புத் துலக்குதா.

ரெண்டு பேருக்கும் நான் ஒரே பதில்தான் சொன்னேன். பிள்ளைக்கு நாலரை வயசு. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல போட்டு, 2010 ஏப்ரல் 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. கட்டாயக் கல்வின்னு அது பேசுறதெல்லாம் 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும்தான். எல்கேஜிக்குப் போகலைன்னு யாரும் ஜீப்புல வந்து இறங்க மாட்டாக. வந்தா ஒன் மாமியாதான் வருவாக, அதுவும் ராத்திரி ஆம்னி பஸ்ல. அதுக்குச் சட்டத்துல வழி கிடையாது, நீயேதான் பாத்துக்கிடணும்.

தாய்மாமன் கேலி பேசாம வேற யாரு பேசுவா? போன மாசம் கல்யாணத்துக்கு மெட்ராசுக்கு வந்தப்ப ஒன் வீட்டுலதான தங்குனேன். ஒன்னும் சொல்லாம வந்துட்டேன். ஒருத்தர் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அங்கனயே உக்காந்து குறை சொல்லக் கூடாது. ஊர் வந்து சேந்த பெறகு, சாவகாசமா, நல்லாச் சொல்லணும். அதைத்தான் இப்பச் செய்யுதேன்.

ஒன் வீட்டுச் சுவத்துல பளபளன்னு பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு அட்டை தொங்குது. 9 மணிக்கு ஃபோனிக்ஸ். 10 மணிக்கு லைஃப் ஸ்கில். 11 மணிக்கு நேச்சர். கலெக்டர் ஆபீசுல கூட இம்புட்டுக் கறாரா வேலை நடக்காது. அந்தப் பத்து மணி வகுப்பை நான் ஓரமா உக்காந்து பாத்தேன். ஒரு பலகை, அதுல ரெண்டு துண்டுத் துணி, அதுல நாலஞ்சு பித்தான். அதைப் பூட்டிக் கழட்டிப் பழகணுமாம். சின்னவ நாக்கைக் கடிச்சிக்கிட்டு ஒன்னொன்னா மாட்டுனா. நீ கையைத் தட்டுன, போட்டோ எடுத்த. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் வெளிய கிளம்புற நேரம் வந்துச்சு. தன்னோட கவுனுக்குத் தானே பித்தான் போடுதேன்னு பிள்ளை நின்னா. நீ என்ன செஞ்ச? "நேரமாச்சு, கையை எடு"ன்னு அவ விரலை விலக்கிவிட்டு நீயே சடசடன்னு மாட்டிவிட்ட. பலகைக்குப் பித்தான் போடத் தெரிஞ்ச பிள்ளை, தன் சட்டைக்குப் போட வழியில்லாம மானம் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

இன்னொன்னு. மரத்துல செஞ்ச கத்தரிக்காய், மரத்துல செஞ்ச கேரட். நடுவுல ஒட்டிக்கிற நாடா வச்சு, மரக்கத்தியால வெட்டுறதுக்காம். விலையை மாப்பிள்ளை சொன்னாரு. அந்தக் காசுக்கு நான் கோவில்பட்டிச் சந்தையில ஒரு மூடை நெசக் கத்தரிக்காய் எடுத்துத் தருவேன். நீ அங்க ஹாலுல மரக்கத்தரிக்காயை வெட்டச் சொல்லிக்கிட்டு இருக்க. அடுக்களையில வேலைக்கு வார அம்மா நெசக் கத்தரிக்காயை வெட்டிக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள ஒரு புழு நெளியுதுன்னு அந்த அம்மா சத்தம் போடவும் சின்னவ எந்திரிச்சு ஓடுனா. "மேத்ஸ் டைம் முடியல, வா இங்க"ன்னு நீ இழுத்து உக்கார வச்ச.

பள்ளிக்கூடத்துல இருந்து பிள்ளையைக் காப்பாத்துன, சரி. ஆனா அந்தப் பள்ளிக்கூடத்தையே கையோட கூட்டியாந்து வீட்டுல குடி வச்சிருக்கியே தாயி! அங்கயாச்சும் சாயந்தரம் மணி அடிச்சா வீட்டுக்கு ஓடியாந்துரலாம். இங்க மணி அடிச்சா அது எங்க போகும்?

புழுன்னதும் இன்னொரு புழுக் கதை ஞாபகம் வருது. ராத்திரி நீ பிள்ளைக்கு ஒரு படப் புத்தகம் வாசிச்ச. எரிக் கார்ல்னு ஒரு அமெரிக்கக்காரரு 1969-ல போட்ட பசிப் புழுக் கதை. திங்கக்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரிக்காய்னு தின்னுக்கிட்டே போகுது. தின்ன எடத்துல தாள்லயே ஓட்டை போட்டுருக்காரு மனுசன். சின்னவ அந்த ஓட்டைக்குள்ள விரலை விட்டு விட்டு எடுக்கா. கெட்டிக்காரப் புத்தகம், குறை சொல்ல மாட்டேன். கிழமையும் வருது, எண்ணிக்கையும் வருது, கடைசியில பட்டாம்பூச்சியும் வருது.

அன்னைக்குக் காலையில நீ பால்கனியில என்ன செஞ்சிக்கிட்டு இருந்த? தொட்டியில நிக்குற கறிவேப்பிலைச் செடியை ஏதோ கடிச்சிருக்குன்னு வேப்பெண்ணெயைக் கரைச்சு வச்சுப் புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்ச. கடிச்சது யாருன்னு குனிஞ்சு பாத்தியா? நான் பாத்தேன். கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் வார பட்டாம்பூச்சியோட புழுக்க அது. சின்னதுல காக்கா எச்சம்னு நெனச்சு நாம தாண்டிப் போயிருவோம். குருவியும் அப்படி ஏமாறட்டும்னுதான் அந்த வேசம். வளந்ததும் எலைப் பச்சைக்கு மாறிரும். லேசாத் தொட்டா, தலைக்குப் பின்னால இருந்து செம்மஞ்சளா ரெண்டு கொம்பை நீட்டி ஒரு வாடையைக் கிளப்பும். அப்புறம் குச்சியில இடுப்பைச் சுத்தி ஒரு நூலைக் கட்டிக்கிட்டுத் தொங்கும். கொஞ்ச நாள்ல கூடு வெடிச்சு, ஈர ரெக்கையோட வெளிய வந்து உக்காந்து காயும்.

பகல்ல அதைக் கொன்னுட்டு, ராத்திரி அமெரிக்காப் புழுவுக்குக் குரலை மாத்தி மாத்திக் கதை சொல்லுத! சின்னவ கேட்டா பாரு, "நம்ம வீட்டுல புழு இருக்காம்மா?"ன்னு. நீ "சீ, இல்ல"ன்ன. நான் தலகாணிக்குள்ள மூஞ்சியை வச்சிக்கிட்டேன்.

இனிமேயாவது ரெண்டு கெளையைப் புழுவுக்குன்னு விட்டுவை. ரசத்துக்குக் கறிவேப்பிலை காய்கறிக் கடையில கொசுறாவே குடுக்காக. காலையில பல்லு விளக்குனதும் பிள்ளையைச் செடிகிட்ட நிக்க வை. நேத்து இருந்த எடத்துல இருக்கா, எம்புட்டு எலை காணோம், என்ன நிறம்னு அவளே பாத்து அவளே வந்து சொல்லுவா. அன்னைக்கு ராத்திரி அந்தப் புத்தகத்தை எடு. அப்பத்தான் அதுல இருக்குற படம் அவளுக்குப் படமாத் தெரியும்.

புத்தகம்னு வந்ததுனால சொல்லுதேன். ஒன்கிட்ட நல்ல நல்ல புத்தகமெல்லாம் இருக்கு. ஆனா எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள்ள இருக்கு. மரங்களோட ராத்திரி வாழ்க்கைன்னு ஒன்னு. கோண்டுப் பழங்குடி ஓவியர்க பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூணு பேரும் வரைஞ்சது. மெட்ராசுல 1994-ல தொடங்குன தாரா பதிப்பகம் போட்டது. கருப்புத் தாளு, கையாலேயே செஞ்ச தாளு, கையாலேயே அடிச்ச அச்சு. எடுத்து மோந்து பாத்தேன், மையி வாடை இன்னும் அடிக்கு. அதைப் பூட்டி வச்சிட்ட. "கிழிச்சிருவா மாமா"ங்க. பிள்ளை கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு வெளிய நிக்குறா. நகைக்கடையா நடத்துத?

புத்தகம்னா கிழியத்தான் செய்யும். மைதாவைக் கொஞ்சம் மயில் துத்தம் போட்டுக் காய்ச்சுனா நல்ல பசை. ஆனா மயில் துத்தம் வெசம். பிள்ளை இருக்குற வீட்டுல அது வேண்டாம், வெறும் மைதாவே போதும். கிழிஞ்சதை அவளும் நீயும் சேந்து ஒட்டுங்க. எந்தத் துண்டு எங்க சேரும்னு தேடுறதே ஒரு மணி நேரப் பொழப்பு. மரத்துல அறுத்த ஜிக்சா புதிருக்குத் தனியாக் காசு குடுக்க வேண்டாம்.

அம்புட்டு விலையில வாங்க முடியலைன்னா தூளிகா பதிப்பகம் இருக்கு. 1996-ல இருந்து மெட்ராசுலயே இருக்கு. ஒரே படக்கதையைத் தமிழ்லயும் இன்னும் பல மொழியிலயும் போடுதாக. நேசனல் புக் டிரஸ்ட்டுப் புத்தகம் இன்னும் மலிவு. அதுக்கும் மனசில்லைன்னா பிரதம் புக்ஸ்காரங்க 2015-ல ஸ்டோரிவீவர்னு ஒன்னு தொடங்குனாக. போன்லயே ஓசியில வாசிக்கலாம். எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு முழிக்காத. எங்க ஊர்ப்புற நூலகத்துல மின்விசிறி நல்லா ஓடுது. மதியச் சூட்டுக்கு அங்கதான் என் ஜாகை. அங்கதான் படிச்சேன், கொமேனியஸ்னு ஒரு பாதிரியாரு 1658-ல, பிள்ளைகளுக்குன்னு படம் போட்டு ஒரு பாடப் புத்தகம் கொண்டுவந்தாராம். படத்துல ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பரு. கீழ அதே நம்பருக்கு லத்தீன்லயும் ஜெர்மன்லயும் விளக்கம். சும்மா வார்த்தையை உருப்போட வைக்காத, பொருளைக் கண்ணுல காட்டுன்னு அந்த மனுசன் மல்லுக்கட்டியிருக்காரு. நாம என்னடான்னா, கோடை வெயில்ல தார் உருகுற ஊருல உக்காந்துக்கிட்டு, ஐ-க்கு இக்லூன்னு சொல்லிக் குடுக்கோம். பனிக்கட்டி வீடு! எங்க ஊர்ப் பிள்ளை ஐஸ் பெட்டியத் தவிர பனிக்கட்டியை எங்க பாத்துச்சு? தமிழ்ப் புத்தகமும் ஒன்னும் லேசுப்பட்டதில்ல. ஃ-க்கு எஃகுன்னு நாலு வயசுப் பிள்ளைகிட்டச் சொல்லி, அது என்னன்னு கேட்டா நமக்கே தொண்டையைக் கனைக்க வேண்டியிருக்கு.

நீ வாசிக்குற விதத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. "யானை காட்டுக்குள்ள வந்துச்சு"ன்னு ஆரம்பிச்ச. பிள்ளை கண்ணை விரிச்சா. ஒடனே, "யானைக்கு எத்தனை கால்? என்ன கலர்? யானை எந்த எழுத்துல தொடங்கும்?" நீ பரீட்சை முடிக்கிறதுக்குள்ள யானை ஆத்துல தண்ணி குடிச்சிட்டு, மலையேறிப் போயிருச்சு. பிள்ளைக்குக் கதை சொல்லு, போதும். கேள்வியை அது கேக்கட்டும். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா முகத்தைச் சுளிக்காத; அதுக்கு அந்தக் கதை தெரியாமலா கேக்கு? அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சு, அது வாரதைப் பாக்குற சொகத்துக்குக் கேக்கு. நடுவுல ஒரு பக்கத்தைத் தாண்டிப் பாரு, சண்டைக்கு வருவா. ஒரு நாள் புத்தகத்தை அவ கையில குடுத்து ஒனக்குக் கதை சொல்லச் சொல்லு. படத்தைப் பாத்து அவ விடுற ரீலை எழுதுன ஆளே கேட்டா வெக்கப்பட்டுப் போவாரு.

கணக்குக்கு என்ன செய்யன்னு கேட்ட. ஒங்க அம்மா சீதனமாக் கொண்டுவந்த படியும் உழக்கும் ஒன் வீட்டு ஷோகேஸ்ல பித்தளைப் பாலிஷ் போட்டு இருக்கு, பூச்செடி வைக்க. அதுல இருக்குற செடியைப் புடுங்கி எறி. ஒரு தாம்பாளத்துல அரிசியைக் கொட்டி, பிள்ளைகிட்டக் குடு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. இதை நீ சொல்லிக் குடுக்காத! வாயை மூடிக்கிட்டு இரு. அவ ஊத்தி ஊத்திப் பாத்து, ஆழாக்கு எட்டுக்குப் படி நெறையுதுன்னு ஒரு நாள் கண்டுபிடிச்சு ஓடியாருவா. தலை தட்டி அளக்குறதுக்கும் கும்பமா அளக்குறதுக்கும் உள்ள வித்தியாசமும் அப்பத்தான் புரியும். ரேசன் கடையில அது பெறகு உதவும். அரிசி சிந்தத்தான் செய்யும். சிந்துன அரிசியைக் கூட்டி அள்ளிக் காக்காய்க்குப் போடுறதும் பாடந்தான். அட்டையில அதுக்குத் தனியா மணி குறிச்சிறாத.

பல்லாங்குழிப் பலகை இங்க பரண்ல கிடக்கு. பதினாலு குழி. ஊருக்கு ஊரு முத்துக் கணக்கு மாறும். நாங்க அஞ்சஞ்சு புளியமுத்துப் போட்டு ஆடுவோம். குழியில நாலு சேந்தா "பசு"ன்னு அள்ளிக்கிடலாம். நாலைப் பாத்த ஒடனே நாலுன்னு தெரியணும்; எண்ணிக்கிட்டு இருந்தா எதுத்தாப்புல உக்காந்துருக்குற கிழவி அள்ளிருவா. ஒங்க அத்தைக்கு ஊருல கணக்கு வாத்தியார்னு பேரு கிடையாது, ஆனா இந்த வெளையாட்டுல அவளை யாரும் ஏமாத்துனதும் கிடையாது. பிள்ளைகிட்டக் கூட ஈவு எரக்கம் பாக்க மாட்டா. அது நல்லது. தோக்குறதுக்கு ஆன்லைன்ல வகுப்பு இருக்கா?

நீ புக் பண்ணி வச்சிருக்கிற "அன்றாட வாழ்வில் கற்றல்" ஆன்லைன் வகுப்பை நிறுத்திரு. அன்றாட வாழ்க்கையை எப்படி வாழணும்னு நீ அதுல ரெண்டு மணி நேரம் கேக்குற. அந்த ரெண்டு மணி நேரமும் பிள்ளை டிவி பாக்கு. வெண்டைக்காய்க்கு நுனி ஒடிக்கவும், உரிச்ச வெங்காயத்தை ஒரு எடத்துல சேக்கவும், காஞ்ச துணியில யாரோடது எதுன்னு பிரிக்கவும் அதுக்குத் தெரியும். ஒரே சங்கடம், நீ பத்து நிமிசத்துல முடிக்குற வேலை அவ கூட இருந்தா முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் ஒன்கிட்ட இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ. அது இருந்தா வேற ஒன்னும் வாங்க வேண்டாம். அது இல்லைன்னா எதை வாங்கியும் பிரயோசனம் இல்ல. பேசாமப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிரு, தப்பில்ல.

பேச்சையும் கவனி. "மேங்கோ கட் பண்ணித் தரேன், ஸ்பில் பண்ணாம ஈட் பண்ணு"ங்க. பிள்ளைக்கு இங்கிலீசும் வராது, தமிழும் வராது, மாம்பழந்தான் வயித்துக்குள்ள போகும். நீ நல்லாப் பேசுற தமிழை நல்லாப் பேசு. இங்கிலீசு நல்லாத் தெரிஞ்சா அதையும் நல்லாப் பேசு, தனியா. கலந்து கட்டி அடிக்காத.

இப்பக் கொஞ்சம் கசப்பாச் சொல்லுதேன், பொறுத்துக்கோ. எங்க கரிசக்காட்டு எட்டயபுரத்துலதான் காமராசர் 1956-ல மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சாரு. எங்க வயசுப் பிள்ளைக பாதிப் பேரு பள்ளிக்கூடம் போனது படிப்புக்கு இல்ல, சோத்துக்கு. சோத்துக்குப் போன எடத்துல எழுத்தும் ஒட்டிக்கிடுச்சு. இன்னைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் போற பொம்பளைக்கு வீட்டுல வச்சுச் சொல்லிக் குடுக்கேன்னு சொல்ல ஏது வழி? அவ பிள்ளையை அங்கன்வாடியில விட்டாத்தான் அன்னைக்குக் கூலி. 1975 அக்டோபர் 2-ல தொடங்குன திட்டம் அது. முட்டையும் சோறும் போட்டு, பிள்ளையை எடை போட்டு, பாட்டும் சொல்லிக் குடுக்காக. ஒன் முடிவு ஒன் வசதியில நிக்குது. அதைப் புரட்சின்னு நெனச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற தாய்மாரைப் பாத்து உச்சுக் கொட்டாத. கல்யாண வீட்டுல நீ அப்படி ஒரு பேச்சுப் பேசுன. எனக்குக் காது நல்லாவே கேக்கும்.

ஒன் தெருவுலயே ஒரு அங்கன்வாடி இருக்கு. தினம் கொஞ்ச நேரம் அங்க கொண்டுபோயி விட்டா என்ன கொறஞ்சு போகும்? கௌரவமா? நீ எம்புட்டுத்தான் தலைகீழா நின்னாலும் இன்னொரு நாலு வயசுப் பிள்ளையா மாற முடியாது. பொம்மையைப் புடுங்குறதுக்கும், புடுங்குனதைத் திருப்பிக் குடுக்குறதுக்கும், கடிச்சு வச்சிட்டு அரை நாழிகையில சேந்து வெளையாடுறதுக்கும் அதுக்கு அதே வயசுல ஆளு வேணும். ஆறாவது மாடியில அது எங்க கிடைக்கும்? லிஃப்டுலயா?

யாரோ ஒன்கிட்ட எழுத்தாளர் கி.ராஜநாராயணன் பேரைச் சொல்லியிருக்காக. பெரிய படிப்பு படிக்காதவரு, பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா உக்காந்தாரு, 1991-ல சாகித்ய அகாடமி வாங்குனாருன்னு நீ எனக்கே சொல்லுத. அவரு எங்க இடைசெவல்காரரு, எனக்குத் தெரியாதா? அவருக்கு வீடு மட்டும் சொல்லிக் குடுக்கல. ஊரே சொல்லிக் குடுத்துச்சு. மடத்துல உக்காந்து வம்பளக்குற பெருசுக, ஆடு மேய்க்குறவன், வீட்டுக்கு வீடு கதை வச்சிருக்குற கிழவிக. ஒன் பிளாட்டுல பக்கத்து வீட்டுக்காரர் பேரு ஒனக்கு இன்னும் தெரியாது. கூரியர் வந்தாத்தான் தெரியுது.

சொந்தக்காரங்க வந்து "எங்க, ஏபிசிடி சொல்லு பாப்போம்"னு பிள்ளையை நிறுத்தி வைப்பாக. அப்ப நீ பதறாத. "எட்டு ஆழாக்கு எத்தனை படி?"ன்னு சின்னவளை விட்டு அவுகளைக் கேக்கச் சொல்லு. சோலியப் பாத்துக்கிட்டுப் போயிருவாக.

ஆறு வயசு வந்தப்புறம் என்ன செய்யன்னு இப்பவே மண்டையை ஒடைச்சுக்காத. அவளுக்குப் பிடிச்சா பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். அதுல ஒனக்குத் தோல்வி ஒன்னும் இல்ல. வீட்டுலயே தொடரணும்னா, பத்தாங்கிளாசுப் பரீட்சையைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியா எழுதலாம். அதுக்குப் பதினாலு வயசு ஆகணும். இன்னும் பத்து வருசம் கிடக்கு. அதுக்குள்ள மாப்பிள்ளைக்கு முடி கொட்டிரும், ஒனக்கு நெதானம் வந்துரும்.

இப்ப உடனடியாச் செய்ய வேண்டியது ஒன்னுதான். புரட்டாசியில வெதைச்ச உளுந்து, மார்கழியில நெத்து கருத்து நிக்கும். வெயில் ஏறுனா வெடிச்சுச் சிதறிப்போகும். பனி ஈரம் காயுறதுக்குள்ள பறிச்சாகணும். கூலிக்கு ஆளு கிடைக்க மாட்டேங்கு. மாப்பிள்ளையையும் சின்னவளையும் கூட்டிக்கிட்டு அரையாண்டு லீவுக் கூட்டத்துக்கு முன்னாடியே ரயில் டிக்கெட்டு எடுத்துரு. அவ நெத்தை ஒடைச்சு எண்ணட்டும், நீங்க ரெண்டு பேரும் பறிங்க. பாடத்திட்டம்னு நெனச்சிக்கோங்க, கட்டணம் நான் கேக்க மாட்டேன், கூலியும் நீங்க கேக்கக் கூடாது.